ஏற்காடு கொய்யா ஜெல்லியை விற்க என்ன வேண்டும்?

வீட்டில் கிண்டிய ஜெல்லியைச் சொந்தபந்தத்துக்குக் கொடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. காசுக்கு விற்றால், ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பக்கம் மேசை போட்டு விற்றாலும் சரி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தாலும் சரி, அது உணவு வணிகம்தான். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும்.

பதிவு லேசான வேலை. 2011 ஒழுங்குமுறைகளின்படி ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை, பதிவுச் சான்று போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் போட்டோ, அடையாளச் சான்று, முகவரிச் சான்று சேர்த்து விண்ணப்பிக்கலாம். 7 நாளுக்குள் சான்று தரவேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்கவேண்டும், அல்லது நேரில் பார்க்க வரவேண்டும். இதற்குப் போய் இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் அழுவானேன்?

சிக்கல் அதற்கு அப்புறம்தான். சான்று கையில் இருப்பதாலேயே பாட்டிலில் ‘ஜெல்லி’ என்று எழுதிவிட முடியாது. பழ ஜெல்லி என்றால் பழத்தின் பங்கு எடையில் 45 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சர்க்கரை முதலிய கரைந்த திடப்பொருள் 65 சதவீதமாவது இருக்கவேண்டும். குறைந்தால் தரக்குறைவான உணவு. 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 65-க்குக் கீழே போனால் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால், இது வெறும் காகித விதியுமல்ல.

கொய்யாவை வேகவைத்து, துணியில் தானாக வடியவிட்டு (பிழிந்தால் கலங்கிவிடும்), சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சும்போது 105 டிகிரி செல்சியஸில் இறக்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கு சேலத்துக்குச் சரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 95 டிகிரிவாக்கில் கொதித்துவிடும். ஜெல்லி பதம் என்பது தண்ணீர் கொதிநிலையைவிட 5 டிகிரி கூடுதல். ஆகவே மலைமேல் 100 டிகிரியிலேயே இறக்கவேண்டும். 105 வரை விட்டால் மிட்டாய்போல இறுகிவிடும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து உங்கள் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கென்றால் கரைந்த திடப்பொருளை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது; ஒரு சொட்டு வைத்தால் 65 வந்ததா என்று தெரிந்துவிடும். செய்முறைச் சந்தேகங்களுக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், சத்து விவரம், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உங்கள் பெயர் முகவரி, 14 இலக்கப் பதிவு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, எம்ஆர்பி எல்லாம் இருக்கவேண்டும். பலரும் கவனிக்காதது மொழி: விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம். தமிழைக் கூடச் சேர்க்கலாம், தமிழ் மட்டும் போதாது. நம்மூரில் விற்கும் பாட்டிலுக்கு இப்படியொரு விதி எனக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் விதி அதுதான்.

பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டம் உண்டு. திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். குறைந்தது 10 சதவீதம் நாம் போடவேண்டும், மீதி வங்கிக் கடன். இத்திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்று சேலத்துக்கு ஒதுக்கியது மரவள்ளி என்பதால் ஜெல்லிக்குக் கிடைக்காது என்று நினைக்கவேண்டாம். மற்றப் பொருள்களுக்கும் வழியுண்டு. திட்டக்காலம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். மானியத் தொகை கையில் வராது. வங்கியிலேயே கிடந்து, 3 ஆண்டுக்குப் பிறகு, தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள்.