அந்த விளக்குக் கம்பம் கௌடி செய்ததா?

பார்சலோனாவின் பசேச் தெ கிராசியா வீதியில், வெள்ளை ஓட்டுச்சில்லு பதித்த பெஞ்சும் அதிலிருந்து வளைந்தெழும் இரும்பு விளக்கும் கண்ணில் பட்டதுமே, அந்நகரின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் "கௌடி" செய்தது என்று சொல்லிப் படம் எடுப்பார்கள். அவற்றை வடிவமைத்தவர் நகராட்சிக் கட்டடக் கலைஞர் பெரே ஃபால்கேஸ். ஆண்டு 1906.

கௌடியின் விளக்குகள் வேண்டுமென்றால் அதே நகரின் ராம்ப்லா வீதிப் பக்கம், பிளாசா ரெயால் சதுக்கத்துக்குப் போங்கள். 1878இல் கட்டடக்கலைப் பட்டம் வாங்கிய கையோடு நகராட்சி கொடுத்த வேலை அது. 1879இல் விளக்குகள் எரிந்தன. கம்பத்துக்கு 6 கைகள். உச்சியில் வணிகத்தின் கடவுளான மெர்க்குரியின் சிறகு வைத்த தலைக்கவசம், அதற்குக் கீழே பின்னிக்கொண்ட 2 பாம்புகள். வியாபாரத்தால் வளர்ந்த துறைமுக நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லை என்பேன். இதன் 3 கை வடிவம் பிளா தெ பலாவ் சதுக்கத்தில் நிற்கிறது.

சரி, பெயர் மாறினால் என்ன? பழைய இரும்பைச் சீரமைப்பது என் தொழில். செய்தவர் யார் என்று தேடும்போதுதான் எப்படிச் செய்தார் என்பதும் தெரியவரும். ஃபால்கேஸின் விளக்குகள் உலையில் காய்ச்சி, அடித்து வளைத்த இரும்பு. துண்டும் துண்டும் சேரும் இடுக்கில் தண்ணீர் தங்கும். துரு உப்பி இணைப்பையே பிளக்கும். கௌடியின் கம்பம் வார்ப்பிரும்பு, அதாவது உருக்கி அச்சில் ஊற்றியது. வண்டி இடித்தால் வளையாது, விரிசல் விடும். சாதாரண வெல்டிங் வைத்தால் பற்றுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். இரண்டும் கறுப்பு இரும்புதானே என்று ஒரே மருந்து கொடுப்பது பெரும் தவறு.

அதைவிட என்னை வருத்துவது பெயின்ட். பழைய பூச்சின் மேலேயே மறு பூச்சு அடித்து அடித்து, இலையின் நரம்பும் பாம்பின் செதிலும் மழுங்கிப்போகின்றன. மணல் பீய்ச்சி ஒரேயடியாகச் சுரண்டினாலும் நட்டம்தான். முதலில் அடித்த நிறம் எது என்ற சாட்சியமும் அதோடு போய்விடும்.

அப்புறம் வெளிச்சம். கௌடியின் விளக்குகள் எரிவாயுச் சுடருக்காகப் பிறந்தவை. அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் வெளிறிய எல்இடி பல்பை வைத்தால் கண் கூசும், இரும்பு வேலைப்பாடு வெறும் நிழலாகிவிடும். 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) அளவிலான மஞ்சள் ஒளியைத்தான் நான் கேட்பேன்.

எந்தப் பழைய கம்பத்திலும் நான் முதலில் எடுப்பது சிறு கத்தி. மழை படாத அடிமூலையில் காசளவுக்குச் சுரண்டி, பூச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்வேன். பிரஷ் அதற்குப் பிறகுதான்.