குப்பியின் அடியில் ஒரு வெண்படலம்: இ.ஜி.எஃப். எவ்வாறு வேலை செய்கிறது, எவ்வாறு செய்யப்படுகிறது

செல் வளர்ப்பு ஆய்வகங்களின் குளிர்ப்பெட்டியில் இருக்கும், செல்களைப் பெருகத் தூண்டும் இ.ஜி.எஃப். என்ற புரதத்தின் குப்பியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள், அது காலிக் குப்பியோ என்று ஐயுறுவது வழக்கம். உறைய வைத்து உலர்த்தப்பட்ட 100 மைக்ரோகிராம் புரதம் அடியில் ஒரு மெல்லிய வெண்படலமாகத்தான் தெரியும். சில நேரங்களில் அதுவும் தெரியாது. ஆனால் ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்ற வழக்கமான செறிவில் கலந்தால், அந்தப் படலம் 10 லிட்டர் வளர்ப்புக் கரைசலுக்குப் போதுமானது. அவ்வளவு நீர்த்த நிலையிலும் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகள் மிதந்துகொண்டிருக்கும்.

இ.ஜி.எஃப். என்பது மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். மனித உடலில் இயல்பாகவே உள்ள இப்புரதம் 53 அமினோ அமிலங்களால் ஆனது. புரதங்களின் உலகில் மிகச் சிறியது. இதன் கண்டுபிடிப்பு ஒரு தற்செயலில் தொடங்கியது. 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடிக்கொண்டிருந்தனர். அவர்கள் ஆய்ந்த எலிப் புற்றுக்கட்டியின் சாற்றிலிருந்த நியூக்ளிக் அமிலங்களைச் சிதைக்கப் பாம்பு நஞ்சைப் பயன்படுத்தியபோது, நஞ்சிலேயே அந்தக் காரணி மிகுதியாக இருப்பது தெரியவந்தது. பாம்பின் நச்சுச்சுரப்பிக்கு இணையான உறுப்பு பாலூட்டிகளில் உமிழ்நீர்ச் சுரப்பி என்பதால், கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்றார். அந்தச் சுரப்பியின் தூய்மையாக்கப்படாத சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது: பிறந்து இரண்டு வாரங்கள் ஆகும் வேளையில் திறக்க வேண்டிய கண்ணிமைகள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டன. பற்களும் முன்கூட்டியே முளைத்தன. நரம்பு வளர்ச்சிக் காரணி இதைச் செய்யாது என்பதால், சாற்றில் வேறொரு பொருள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த கோஹன், நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பின் அதைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு துணை விளைவைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம், அவர் நகரவில்லை.

செல்லின் வெளிச்சவ்வில் இப்புரதத்திற்கென ஓர் ஏற்பி உண்டு. அதன் ஒரு பகுதி செல்லுக்கு வெளியேயும், மறுபகுதி செல்லுக்கு உள்ளேயும் இருக்கும். காரணி வந்து சேராத நிலையில், வெளிப்பகுதி கையை மடக்கிக்கொண்டிருப்பது போன்ற ஒரு மூடிய வடிவில் கிடக்கிறது. இ.ஜி.எஃப். பொருந்தியதும் அந்த மடிப்பு விரிந்து, இதுவரை மறைந்திருந்த ஒரு நீட்சி வெளிப்படுகிறது. இவ்வாறு விரிந்த இரண்டு ஏற்பிகள் அந்த நீட்சிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இ.ஜி.எஃப். இரண்டு ஏற்பிகளுக்கும் நடுவில் பாலமாக அமர்ந்து அவற்றை இணைக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2002இல் வெளியான படிக அமைப்பு ஆய்வுகள், காரணி மூலக்கூறுகள் இணைப்பிலிருந்து விலகி வெளிப்புறத்தில் இருப்பதையும், ஏற்பிகள் தாமே கைகோப்பதையும் காட்டின.

வெளியே கைகோத்ததும், உள்ளே இருக்கும் கைனேஸ் என்ற நொதிப் பகுதிகள் இயங்கத் தொடங்கி, ஏற்பி வால்களிலுள்ள டைரோசின் அமினோ அமிலங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய இடங்களில் வேறு புரதங்கள் வந்து ஒட்ட, ராஸ், ராஃப், மெக், எர்க் என்று ஒன்றையொன்று தூண்டும் புரதங்களின் வரிசை சில நிமிடங்களில் செல்லின் உட்கருவை எட்டி, பிரிதலுக்குத் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. வேலை முடிந்த ஏற்பிகளைச் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவற்றில் ஒரு பகுதி அழிக்கப்படுகிறது. அதனால்தான் ஊடகத்தில் காரணி இருந்துகொண்டே இருந்தாலும் சைகை அதே வலிமையில் நீடிப்பதில்லை.

வளர்ச்சிக் காரணி என்ற பெயரே சற்றுத் தவறான எண்ணத்தைத் தருகிறது என்பது என் கருத்து. இது உணவோ உரமோ அன்று. ஒரு செய்தி மட்டுமே. அந்தச் செய்திக்கு என்ன பொருள் கொள்வது என்பதைச் செல்லே முடிவு செய்கிறது. ஏ431 என்ற புற்றுநோய்ச் செல் ஒவ்வொன்றிலும் இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட ஏற்பிகள் உள்ளன. வழக்கமான செறிவில் இ.ஜி.எஃப். சேர்த்தால் அச்செல்களின் பெருக்கம் கூடுவதற்கு மாறாகக் குறைகிறது. எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து வந்த பிசி12 செல்களிலோ இன்னொரு விந்தை: இ.ஜி.எஃப். சேர்த்தால் அவை பெருகுகின்றன, நரம்பு வளர்ச்சிக் காரணி சேர்த்தால் பெருக்கத்தை நிறுத்தி நரம்பிழைகளை நீட்டுகின்றன. இரண்டும் எர்க் வழியாகத்தான் செல்கின்றன. முதலாவதில் அந்தச் சைகை சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது, இரண்டாவதில் மணிக்கணக்கில் நீடிக்கிறது.

தொடக்கத்தில் இப்புரதத்தை எலிச் சுரப்பிகளிலிருந்தும், மனித வடிவத்தைச் சிறுநீரிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். இன்று மறுசேர்க்கை முறையில், பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவைக் கொண்டு செய்கிறார்கள். மனிதச் செல் 1,207 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெரிய முன்னோடிப் புரதத்தைச் செய்து, அதிலிருந்து 53ஐ மட்டும் வெட்டி எடுக்கிறது. ஆய்வகத்தில் அந்தச் சுற்றுவழி தேவையில்லை. 53 அமினோ அமிலங்களுக்கான 159 எழுத்துகளை மட்டும் பாக்டீரியாவுக்கு உகந்தவாறு எழுதி, பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ.வில் பொருத்தி உள்ளே அனுப்பினால் போதும். தொடக்கக் குறியீட்டினால் முன்னால் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஒன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை 54 ஆகிவிடுவதும் உண்டு. இ.ஜி.எஃப். செயல்படச் சர்க்கரைச் சங்கிலிகள் தேவையில்லை என்பதும் நல்வாய்ப்பே. தேவைப்பட்டிருந்தால் அவற்றை ஒட்டத் தெரியாத ஈ. கோலையைக் கைவிட்டு, செலவு மிகுந்த பாலூட்டிச் செல்களை நாட வேண்டியிருக்கும்.

உண்மையான சிக்கல் சங்கிலியைச் செய்வதில் இல்லை, மடிப்பதில் இருக்கிறது. இந்த 53இல் ஆறு, கந்தகம் கொண்ட சிஸ்டீன் அமினோ அமிலங்கள். அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று கந்தகப் பிணைப்புகளை அமைத்தால்தான் ஏற்பிக்குப் பொருந்தும் வடிவம் உருவாகும். ஆறு சிஸ்டீன்களை இணை சேர்க்க 15 வழிகள் உள்ளன. அவற்றில் ஒன்றே சரியானது: ஒன்றாவது மூன்றாவதோடும், இரண்டாவது நான்காவதோடும், ஐந்தாவது ஆறாவதோடும் சேர வேண்டும். பாக்டீரியாவின் உட்புறச் சூழல் இத்தகைய பிணைப்புகளை நிலைக்க விடுவதில்லை. எனவே புரதம் மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகத் திரள்கிறது. அந்தக் கட்டிகளைப் பிரித்து, அடர்ந்த யூரியா அல்லது குவானிடின் கரைசலில் கரைத்து, தவறான பிணைப்புகளை அவிழ்த்து, பிறகு மெல்ல நீர்த்து, குளுடாதயோன் என்ற கந்தகச் சேர்மத்தின் இரு வடிவங்களும் கலந்த கரைசலில் மீண்டும் மடிய விட வேண்டும். பிணைப்புகள் உருவாவதும் அவிழ்வதும் மாறி மாறி நடக்கும் அந்தக் கரைசலில், நிலைப்புத்தன்மை மிகுந்த சரியான வடிவம் படிப்படியாகச் சேர்கிறது. புரதத்தைப் பாக்டீரியாவின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு அனுப்புவதும், ஈஸ்ட்டைக் கொண்டு வெளியே சுரக்கச் செய்வதும் மாற்று வழிகள்.

தவறாக மடிந்ததைக் கண்டுபிடிப்பது எளிதன்று. 15 வழிகளில் எப்படி இணைந்தாலும் மூலக்கூறின் எடை ஒன்றே. ஆகவே மூலக்கூறுகளை எடைபோடும் கருவியான நிறைநிறமாலைமானி வெறும் எடையைக் காட்டினால் அது சான்றாகாது. நிறப்பகுப்பியல் குழாயில் வெவ்வேறு வடிவங்கள் வெவ்வேறு நேரத்தில் வெளிவருவதால் பிரித்தறியலாம். என்றாலும் இறுதித் தீர்ப்பைச் சொல்லும் தகுதி செல்லுக்கே உண்டு. 3டி3 என்னும் எலி நாரரும்புச் செல்களுக்குப் படிப்படியாகக் கூடும் செறிவுகளில் புரதத்தைக் கொடுத்து, உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு எது என்று அளக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமோ அதற்கும் குறைவோ என்றால் நல்ல சரக்கு. குப்பி வாங்குபவர் சிட்டையில் முதலில் படிக்க வேண்டியது மைக்ரோகிராமை அன்று, இந்த எண்ணைத்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எண்டோடாக்சின் அளவு. ஈ. கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் இப்பொருள் மிகச் சிறு அளவிலேயே நோயெதிர்ப்புச் செல்களைக் கிளர்த்திவிடும். அப்போது ஆய்வாளர் காணும் விளைவு வளர்ச்சிக் காரணியுடையதா, பாக்டீரியாவின் எச்சத்துடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் செய்ய வேண்டும்? கன்றுக் கருவின் இரத்தத்திலிருந்து பெற்று வளர்ப்புக் கரைசலில் சேர்க்கும் சீரத்திலும் வளர்ச்சிக் காரணிகள் உண்டு. ஆனால் எது எவ்வளவு என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். சேர்ப்பது இன்னதென்று தெரிந்தால்தான் செல் எதற்கு விடையளித்தது என்பதும் தெரியும். 1992இல் கனடாவின் கால்கரியில் ரெனால்ட்ஸும் வைஸும் சீரம் இல்லாத ஊடகத்தில் இ.ஜி.எஃப். சேர்த்து, வளர்ந்த எலியின் மூளையிலிருந்து நரம்புக் குருத்துச் செல்களை உருண்டைகளாக வளர்த்துக் காட்டினர். 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு, இ.ஜி.எஃப்., நாகின், ஆர்-ஸ்பாண்டின் ஆகிய மூன்று சைகைப் புரதங்களையும் கொண்டு ஒற்றைக் குருத்துச் செல்லிலிருந்து சிறு குடல் உருவங்களை வளர்த்தது.

குப்பியைத் திறப்பதற்கு முன் மையவிலக்கியில் ஒருமுறை சுற்றிவிடுவது நல்லது, மூடியில் ஒட்டிய துகள் அடிக்கு வரும். கரைத்த பின் குலுக்கக் கூடாது. சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்தால் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியிராது. மிக நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி மறைந்துவிடுவதால், 0.1 விழுக்காடு ஆல்புமின் சேர்த்து அந்தச் சுவரை முன்கூட்டியே நிரப்பிவிடுவார்கள். நிறைநிறமாலைமானிக்கு அனுப்பப் போகிறவர்கள் மட்டும் ஆல்புமின் கலவாத குப்பியைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் கருவி காட்டுவதெல்லாம் ஆல்புமினாகவே இருக்கும்.