புயல் போற பாதைன்னு போட்ட கோட்டைப் பார்த்துட்டு தூங்கப் போறவங்களுக்கு

நவம்பர் பொறந்தாலே என் போன் சூடாயிடும். கடலூர்ல இருந்து மரக்காணம் வரைக்கும் இருக்கற இறால் பண்ணைக்காரங்க, கட்டட கான்ட்ராக்டர், போட்டுக்காரங்கன்னு கொஞ்ச பேருக்கு வானிலை பார்த்துச் சொல்றதுதான் பன்னெண்டு வருஷமா எனக்குப் பொழப்பு, அத்தனை பேரும் கேக்கறது ஒரே கேள்விதான், "சார், எங்க கரையைக் கடக்கும்?" அந்தக் கேள்வியே பாதி தப்புன்னு நான் புரிஞ்சுக்கிட்டதே 2024 டிசம்பர்லதான், அதுவும் என் சொந்தக்காரன் மூலமா. அதை அப்புறம் சொல்றேன்.

அந்தமான் பக்கம் ஒரு சுழற்சின்னு நியூஸ் வரும். தாழ்வுப் பகுதிகூட உருவாகி இருக்காது, அதுக்குள்ள பத்து நாள் கழிச்சு சென்னை மேல சிவப்பா ஒரு உருண்டை உக்காந்திருக்கற படம் வாட்ஸ்அப் குரூப் குரூப்பா சுத்த ஆரம்பிச்சுடும். அந்தப் படம் போலி இல்லைங்க, வானிலைய கணக்குப் போடற கம்ப்யூட்டர் மாடல் போட்ட படம்தான், ஆனா அமெரிக்காக்காரன் ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடுது, காலைல சென்னைன்னு காட்டினது மத்தியானம் யாழ்ப்பாணம் போகும், ராத்திரி ஓங்கோல் போகும், நாலுல எது பயமுறுத்துதோ அது மட்டும்தான் ஃபார்வர்ட் ஆகும். ஐரோப்பிய மாடல்ல ஆரம்ப நிலைய லேசா மாத்தி மாத்தி அம்பது தடவை ஓட்டிப் பார்ப்பாங்க, அந்த அம்பது கோடும் துடைப்பக்குச்சி மாதிரி விரிஞ்சு கெடந்தா இப்போதைக்கு யாருக்கும் தெரியலைன்னு அர்த்தம். நான் முதல்ல பாக்கறது கோடுங்க எவ்வளவு விரிஞ்சிருக்குங்கறதைத்தான்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மையமே சரியா உருவாகாத ஒண்ணு எங்க போகும்னு எப்படிச் சொல்றது? அட்லாண்டிக்ல மாதிரி புயலுக்குள்ள விமானத்தை விட்டு அளக்கற வழக்கம் வங்கக்கடல்ல கிடையாது. சாட்டிலைட் இருக்கு, கொஞ்சம் மிதவை இருக்கு, கரைகிட்ட வந்தா சென்னை ரேடார், காரைக்கால் ரேடார் இருக்கு, அவ்வளவுதான். மேகம் ஒரு பக்கமா ஒதுங்கிக் கெடந்தா மையம் இப்ப எங்க இருக்குங்கறதுலயே அம்பது கிலோமீட்டர் முன்னப்பின்ன ஆகும். அப்புறம், புயல் தானா எங்கயும் போறதில்லை, ஆத்துல விழுந்த தேங்கா மட்டை மாதிரி சுத்தி இருக்கற காத்து எங்க இழுக்குதோ அங்க போகும். ரெண்டு பக்கமும் உயர் அழுத்தம் உக்காந்துகிட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நின்ன இடத்துலயே நிக்கும்.

2024 நவம்பர்ல வந்த ஃபெங்கல் புயல் அதைத்தான் பண்ணுச்சு. 25-ம் தேதி தாழ்வு மண்டலம், 26 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 27 புயலாகும்னு வானிலை மையம் சொன்னாங்க, ஆகலை. இலங்கை ஓரமா ஊர்ந்துச்சு, மேல காத்து ஒரு திசையும் கீழ ஒரு திசையுமா அடிச்சு பிச்சு எறிஞ்சுது, வறண்ட காத்து வேற உள்ள பூந்துச்சு. 28-ம் தேதி புயலாகாதுங்கற பேச்சு வந்துச்சு, சரி விடுன்னு எல்லாரும் மூச்சு விட்டாங்க, 29 மத்தியானம் புயலாயிடுச்சு. மீம் போட்டுத் தள்ளிட்டாங்க. நானும் அந்த மூணு நாள்ல மூணு தடவை பேச்சை மாத்தினவன்தான், அதனால எனக்குச் சிரிப்பு வரலை.

இதுல ஒரு விஷயம். காத்து மணிக்கு 61 கிலோமீட்டர்னா ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 ஆச்சுன்னா புயல், பேர் வெச்சுடுவாங்க (ஃபெங்கல்ங்கறது சவுதி அரேபியா குடுத்த பேரு). ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம், ஆனா நம்மாளுங்க அதை பாஸ் மார்க் மாதிரி பாக்கறாங்க. மரக்காணத்துப் பண்ணைக்காரர் ஒருத்தர் 28 சாயந்திரம் போன் போட்டு, "புயல் இல்லன்னுட்டாங்களே சார், கழட்டின ஏரேட்டரை எல்லாம் மாட்டிடவா?"ன்னாரு (இறால் குளத்துத் தண்ணில காத்து ஏத்தற மெஷின்). ஞாயித்துக்கிழமை வரைக்கும் கழட்டினது அப்படியே இருக்கட்டும்ணேன்னு சொன்னேன், முணுமுணுத்துக்கிட்டே வெச்சாரு. 30-ம் தேதி சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரிகிட்ட கடந்துச்சு, கடந்துட்டு அங்கயே நின்னுடுச்சு, மணிக்கணக்கா. மறுநாள் காலைல மயிலத்துல 24 மணி நேர மழை 50 செ.மீ.ன்னு வந்துச்சு, புதுச்சேரி அதுக்குக் கொஞ்சம் கம்மி.

இப்ப என் கதை. கடலை விட்டுத் தள்ளி உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைல என் அத்தை பையன் வேன் ஓட்டறான். சனிக்கிழமை ராத்திரி பதினொண்ணரைக்கு, "மச்சான், இங்க ஒண்ணும் இருக்காதுல்ல?"ன்னான். கரையைக் கடந்தாச்சுடா, கடல் எங்க நீ எங்க, போய்ப் படுன்னேன். அன்னிக்குப் பூரா கரையவே பாத்துப் பாத்து கண்ணெல்லாம் எரிச்சல், உள் மாவட்டத்துக்கு அந்த மிச்ச மேகம் எப்படி நகரும்னு நான் திருப்பிப் பாக்கவே இல்லை. அது வலுவிழந்து மெதுவா மேற்கால நகர்ந்து போயி 2-ம் தேதி காலைக்குள்ள ஊத்தங்கரைல 50 செ.மீ. கொட்டிடுச்சு. ஏரி தண்ணி ரோட்டுக்கு வந்து நிறுத்தி இருந்த வண்டிங்களை உருட்டிட்டுப் போன வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க. திருவண்ணாமலைல மலைச்சரிவுல ஏழு பேர் போனாங்க. சாத்தனூர் அணைல ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல திறந்தாங்க, தென்பெண்ணை பொங்கி, மேல பெஞ்ச மழையும் சேர்ந்து திரும்ப கடலூருக்கே வந்துச்சு. மச்சான் வேன் தப்பிச்சுது, மேட்டுல நிறுத்தி இருந்தான், அதுல என் புண்ணியம் எதுவும் இல்லை.

அதனால வானிலை மையம் புயல் பாதையச் சுத்தி வரைஞ்சு போடற அந்தக் கூம்பு படம் வந்தா இப்படிப் பாருங்க. அது புயலோட சைஸ் இல்லை, மையம் எந்த அளவுக்கு விலகலாம்ங்கறதுதான், முந்தின வருஷக் கணிப்பெல்லாம் எவ்வளவு தப்பாச்சுன்னு கணக்குப் போட்டு வரையறாங்க. ஒரு நாள் முன்னாடி சொன்ன கணிப்புலயே சராசரியா 70, 80 கிலோமீட்டர் விலகல் வருது, அது கடலூர் மரக்காணம் தூரத்தைவிட ஜாஸ்தி. நடுக்கோடு என் ஊர் மேல இல்லைன்னு நிம்மதியாகறது வேஸ்ட். மழை கூம்புக்கு வெளியவும் பெய்யும். ஒரு அறிக்கைய மட்டும் பாக்காம முந்தினதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, கடக்கற நேரம் மத்தியானம், சாயந்திரம், ராத்திரின்னு தள்ளிக்கிட்டே போகுதுன்னா புயல் மெதுவாகுதுன்னு அர்த்தம், மெதுவாச்சுன்னா மழை ஒரே இடத்துல கொட்டும். நகரும் வேகம் மணிக்கு பத்துக்குக் கீழ வந்துட்டா நான் காத்தை விட்டுட்டு அணை நிலவரத்தையும் ஏரிக் கரையையும் பாக்க ஆரம்பிச்சுடுவேன். ஆத்தோரம் இருக்கறவங்க மேல இருக்கற மாவட்டத்து மழையப் பாருங்க, உங்க ஊர்ல வெயிலே அடிச்சாலும்.

மச்சான் இப்பவும் போன் பண்றான். எங்க கடக்கும்னு கேக்கறதை விட்டுட்டான், "கடந்ததுக்கப்புறம் எந்தப் பக்கம்டா வரும்?"ங்கறான். அதுக்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கூட ஆகுது, காபி செலவும் ஏறுது.