வேலை நினைவா, இயங்கு நினைவா?

"சார், பையனுக்கு ஒன்பது வயசுதான். வேலைக்கே போகாதவனுக்கு எப்படிப் பணி நினைவகம் குறையும்?"

கேட்டவர் ஒரு தாய். கையில், பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்புக்காகக் கொடுத்த அறிக்கை. மலாயில் 'மெமோரி கெர்ஜா' என்றிருந்ததை யாரோ அப்படியே தமிழில் இறக்கியிருந்தார்கள். பினாங்கில் ஆசிரியர் பட்டறைகளிலும் இந்தச் சொல்லை நான்கைந்து தடவை கேட்டுவிட்டேன். ஒரு தடவை திரையில் 'பனி நினைவகம்' என்றே வந்தது. அதுவாவது குளிர்ச்சியாக இருந்தது.

ஆங்கிலத்தில் 'வொர்க்கிங் மெமரி'. 1960இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் வேறு இருவரும் எழுதிய நூலில் இந்தப் பெயர் அடிபடுகிறது. 1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் அதற்கு ஓர் அமைப்பு வகுத்தார்கள். பிறந்த கதை இவ்வளவுதான்.

அதன் அர்த்தம் புரிய, பினாங்கின் லெபோ பாசார் தெருப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போகலாம். ஆறு பேர் உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்கிறோம்: தே தாரிக் சீனி குறைச்சு, கோப்பி ஓ, ரொட்டி தெலூர் ரெண்டு. கடைக்கார அண்ணன் எதையும் எழுதவில்லை; உதடு மட்டும் அசைகிறது. அதுதான் பேட்லி சொன்ன ஒலிச்சுற்று. எந்த நாற்காலிக்கு எது என்ற படத்தை வைத்திருப்பது காட்சிப்பலகை. நடுவில் ஒருவர், "கோப்பி ஓ வேணாம்ணே, மைலோ ஐஸ்" என்றதும் மற்றதைச் சிந்தாமல் அதைமட்டும் மாற்றுகிறாரே, அந்தக் கவனத்தை நடத்துவது மைய நிர்வாகி. பின்னாலிருந்து யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் பாதி போச்சு. சொன்னதைச் சும்மா தாங்கினால் குறுகிய கால நினைவு. தாங்கிக்கொண்டே புரட்டிப்போட்டால் வொர்க்கிங் மெமரி. இடமும் கொஞ்சம்தான்: 1956இல் மில்லர் குறுகிய கால நினைவுக்கு ஏழு உருப்படி, இரண்டு கூடக் குறைய, என்றார், 2001இல் நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் அதை நான்குக்கு இறக்கிவிட்டார்.

இப்போது, வொர்க்கிங் மெமரிக்குச் சிலர் சொல்லும் 'வேலை நினைவு'க்கு வருவோம். இதை ஆதரிக்கும் நண்பர்கள் உண்டு. 'எளிமையாக இருக்கிறதே' என்பார்கள். எளிமைதான், ஆனால் தமிழில் அதற்கு ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது. வீட்டு நினைவு வந்துவிட்டது என்றால் வீட்டை நினைத்து ஏங்குகிறான். சாப்பாட்டு நினைவாகவே இருக்கிறான் என்றால் வயிறு கூப்பிடுகிறது. அந்தக் கணக்கில் வேலை நினைவு அதிகம் உள்ளவன் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸை நினைத்துப் புலம்புகிறவன்! வேலை செய்வது இங்கே நினைவு. வேலையைப் பற்றிய நினைவு இல்லை. 'பணி'யும் அதே குழிதான், சட்டை மட்டும் இஸ்திரி போட்டது.

'நினைவகம்' இன்னும் மோசம். அகம் என்றால் இடம். தலைவர்களுக்குக் கட்டுவது நினைவகம். கணினிக்குள் இருப்பதையும் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம், சரி, போகட்டும். ஒன்பது வயதுப் பிள்ளையின் தலைக்குள் எதற்கு நினைவு மண்டபம்? 'செயல் நினைவு' என்பவர்களிடம் எனக்குச் சண்டை குறைவு. ஆனால் சைக்கிள் ஓட்டுவது மறக்காமல் இருப்பதற்கு 'செயல்முறை நினைவு' என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவன் தடுமாறுவான்.

என் கட்சி 'இயங்கு நினைவு'. ஊறுகாய், சுடுநீர் மாதிரி வினைத்தொகை. இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம். 'வொர்க்கிங்' என்பதிலுள்ள வினையும் சிந்தவில்லை. இயங்குதளம் என்று கணினிக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்களே என்று ஒருவர் மடக்கினார். இருக்கட்டும், ஒரு வினையை இரண்டு துறை பங்கு போட்டால் என்ன குறைந்துவிடும்? எனக்கு எரிச்சல் வேறு: மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் இடது பக்கச் சொல்லுக்கு வலது பக்கச் சொல்லை ஒட்டிவிட்டு, ஒரு வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதே இல்லை.

அந்தத் தாயிடம் கடைக்கார அண்ணன் கதையைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓ, சொன்னதைத் தலையில வச்சிக்கிட்டே கணக்குப் போட முடியல, அதானே?" என்றார். அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் அதையே எழுதிக் கொடுத்தேன்.