விலை உயர்ந்த தோட்டாவும் உங்கள் பேரலில் சிதறலாம்

ரைபிள் சுடுதலில் 50 மீட்டர் பிரிவுக்கு மாறியவுடன் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பாயின்ட் டூ டூவுக்கு (.22 ரைபிளுக்கு) எந்தத் தோட்டா நல்லது?" ஈலி டெனெக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, லாபுவா எக்ஸ்-ஆக்ட் என்று ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் அதையே தேடிப் போய் வாங்கிவிடுவார்கள். எந்த பேரலுக்கு, எந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

டார்கெட்டின் அளவைப் பார்த்தால் விஷயம் எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும். 50 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. புல்லட் 5.6 மி.மீ. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், ஓட்டையின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அந்த 8 மி.மீ.யில் உங்கள் கை நடுக்கம், காற்று, டிரிக்கர், தோட்டா எல்லாம் பங்கு கேட்கும். தோட்டாவே பாதியைத் தின்றுவிட்டால் ஷூட்டருக்கு மிச்சம் எவ்வளவு?

இந்தத் தோட்டாவின் கட்டமைப்பே கொஞ்சம் பழைய காலத்துச் சமாச்சாரம். 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈய புல்லட். உள்ளே ஒன்று, ஒன்றரை கிரெய்ன் அளவுக்குத்தான் வெடிமருந்து. பற்றவைக்கும் ரசாயனத்துக்குத் தனி மூடி கிடையாது. ஈரமாக உள்ளே இட்டு, கேஸை, அதாவது பித்தளைக் கூட்டைச் சுழற்றி, அடி விளிம்பின் மடிப்புக்குள் பரவவிடுகிறார்கள். சுற்றிலும் ஒரே சீராகப் பரவாவிட்டால், ஃபயரிங் பின் எந்த இடத்தில் அடிக்கிறது என்பதைப் பொறுத்துப் பற்றுதல் மாறும், வேகமும் மாறும். ஒரே தொழிற்சாலை, ஒரே இயந்திரம், ஒரே பெயர் என்றாலும் லாட்டுக்கு லாட் வித்தியாசம் வருவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

வேகம் மாறினால் என்ன ஆகும்? போட்டித் தோட்டா நொடிக்குச் சுமார் 325 மீட்டரில் கிளம்பி, 50 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 12 செ.மீ. கீழிறங்குகிறது. இன்னொரு தோட்டா 10 மீட்டர் கூடுதல் வேகத்தில் போனால் சுமார் 7 மி.மீ. மேலே விழும். ஒன்பதுகள் மேலும் கீழும் நீளவாக்கில் வந்தால் மூச்சை மட்டும் குறை சொல்லாதீர்கள், பெட்டியையும் பாருங்கள். பேரலின் அதிர்வு இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுவதும் உண்டு. மெதுவான தோட்டா பேரலை விட்டு வெளியேறும் நேரத்தில் அதன் முனை சற்று மேல்நோக்கி இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழும். ஒரு ரைபிளில் சிதறும் லாட் பக்கத்து லேனில் இருப்பவரின் ரைபிளில் ஒரே ஓட்டையாக விழுவதற்கு இதுவும் காரணம். நண்பரின் சிபாரிசில் தோட்டா வாங்குவது பணத்தை வீணாக்கும் சுலபமான வழி.

அதிவேகத் தோட்டா என்று தனியாக விற்கிறார்களே, அது நேராகப் போகாதா என்று சிலர் கேட்பதுண்டு. போகாது. அது நொடிக்கு 375 மீட்டருக்கு மேல் கிளம்பி, போகும் வழியில் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தள்ளாடும். ஆரம்பத்தில் வேகத்தை அதிகமாக இழப்பதால் பக்கக் காற்றும் அதைத்தான் கூடுதலாகத் தள்ளும். நொடிக்கு ஒரு மீட்டர் பக்கக் காற்றில் போட்டித் தோட்டா 5 முதல் 6 மி.மீ. விலகினால், அதிவேகத் தோட்டா 8, 9 மி.மீ. வரை போகும். பேப்பர் டார்கெட்டில் அதற்கு வேலையே இல்லை.

சரி, சோதிப்பது எப்படி? முதலில் ரைபிளைச் சரிபாருங்கள். ஸ்டாக்கின் (ரைபிளின் கட்டை) போல்ட்டுகள் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் இருக்கின்றனவா, குறிபார்க்கும் சைட் ஆடாமல் இருக்கிறதா, சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) முன்னால் கரி வளையம் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கரி கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டே போகும். அதைக் கவனிக்காமல் தோட்டாவை மாற்றி மாற்றிச் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. சுத்தம் செய்யும் ராடை எப்போதும் பின்பக்கம் வழியாக, கைடு போட்டுத்தான் விட வேண்டும். முன்பக்கம் வழியாக விட்டால் பேரலின் வாய் விளிம்பு கெடும், அதன் பிறகு எந்த லாட்டும் குரூப் ஆகாது, அதாவது நெருக்கமாக ஒரே இடத்தில் விழாது.

அடுத்தது மெழுகு. தோட்டாவை விரலில் எடுத்தால் புல்லட்டின் மேல் பிசுபிசுப்பாக ஒட்டும் பூச்சு தெரியும். பிராண்டுக்கு பிராண்ட் அது வேறு. பேரலுக்குள் பழைய பூச்சு போய்ப் புதியது படிய 15, 20 ஷாட் ஆகும். அதுவரை விழுவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரே பிராண்டின் வெவ்வேறு லாட் என்றால் இவ்வளவு தேவையில்லை.

பிறகு ரைபிளை அசையாமல் பிடிக்கும் வைஸிலோ, பெஞ்சில் மணல் மூட்டை மேலோ வைத்து, லாட்டுக்குப் பத்துப் பத்தாக நான்கு குரூப், மொத்தம் 40 ஷாட். ஐந்து ஷாட் போட்டுவிட்டு முடிவு சொல்லாதீர்கள். ஒரே பெட்டியில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு ஐந்து ஷாட் குரூப்பில் ஒன்று 9 மி.மீ., மற்றொன்று 15 மி.மீ. வருவது சகஜம். அது தற்செயல், லாட்டின் தரமல்ல. ஒரே பிராண்டின் மூன்று லாட்டுகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால், ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றிலும் ஒரு குரூப் சுட்டுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து சுற்றி வாருங்கள். இல்லாவிட்டால் காலை அமைதியில் சுட்ட லாட் நல்ல பெயரும், பதினொரு மணிக் காற்றில் சுட்ட லாட் கெட்ட பெயரும் வாங்கும்.

தனியாகத் தெறித்த ஒரு ஷாட்டை "ஃப்ளையர்" என்று ஒதுக்காதீர்கள். ரைபிள் வைஸில் இருந்தால் அது தோட்டாவின் வேலைதான். போட்டியில் அதுவும் உங்கள் ஸ்கோரில் சேரும். நான்கு குரூப்பையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, கடைசி விளிம்புக்குக் கடைசி விளிம்பு அளந்து, 5.6 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் அளவு கிடைக்கும். அந்த 40 ஷாட்டும் 16 மி.மீ.க்குள் அடங்கினால், சைட் சரியாக இருக்கும்வரை, தோட்டாவால் நீங்கள் பத்தை இழக்க மாட்டீர்கள். எலெக்ட்ரானிக் டார்கெட் என்றால் ஒவ்வொரு ஷாட்டும் குரூப்பின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சராசரி பாருங்கள். விளிம்பளவைவிட அதுதான் நம்பகமானது.

ஈலி பர்மிங்காமிலும் லாபுவா ஷோனெபெக்கிலும் ஷூட்டர் கொண்டுவரும் ரைபிளிலேயே இந்தச் சோதனையைச் செய்து தருகின்றன. நம் ஊரில் இறக்குமதியாகி, உரிமத்தில் பதிவாகி வருவதற்குள், கேட்ட லாட்டே கிடைக்குமா என்பது வேறு பிரச்சினை. ரைபிள் சங்கத்தின் சரக்கிலிருந்து லாட்டுக்கு ஒரு பெட்டி எடுத்துச் சோதித்துவிட்டு, பொருந்தியதில் ஆண்டுத் தேவையைக் கேட்டு வைப்பதுதான் நடைமுறையில் முடிகிற காரியம்.

குரூப்பைவிட முக்கியமான சில விஷயங்கள் உண்டு. டிரிக்கர் அழுத்தியும் வெடிக்கவில்லையா? முனையை டார்கெட் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள், பிறகு போல்ட்டைத் திறங்கள். சத்தம் வழக்கத்துக்கு மாறாகச் சன்னமாக வந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. புல்லட் பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலி செய்து, பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. "பாயின்ட் டூ டூ மேக்னம்" ரைபிளில் நாம் சுடும் எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டா நுழைந்துவிடும். சேம்பர் பெரிது என்பதால் கேஸ் பிளந்து, வாயு முகத்துக்கு வரும்.

போட்டி ரைபிள்களில் சேம்பர் இறுக்கமானது. ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்தால் புல்லட்டில் ரைஃபிளிங் (பேரலின் உள்ளே வெட்டிய சுருள் வரிகள்) கோடுகள் பதிந்திருக்கும். சில சமயம் புல்லட் உள்ளே தங்கி, மருந்து ஆக்‌ஷனுக்குள், அதாவது போல்ட் இயங்கும் பகுதிக்குள் கொட்டும். அப்படி முழுதாக வெளியே வந்த தோட்டாவைத் திரும்பப் பெட்டியில் சொருகாமல் தனியாக வையுங்கள். நம் வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்த பெட்டியும் அப்படித்தான், மெழுகு இளகி ஒரு பக்கமாக வழிந்திருக்கும். சுட்டு முடித்ததும் சாப்பாட்டு டப்பாவைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், புல்லட்டும் ஈயம், பற்றவைக்கும் ரசாயனத்திலும் ஈயம்.

நல்ல லாட் கிடைத்தால் கடைசி இரண்டு பெட்டியைத் தொடாதீர்கள். புது லாட் வரும்போது, அதே நாளில், அதே பெஞ்சில் பழையதையும் சுட்டு ஒப்பிட அந்த நூறு தோட்டா வேண்டும்.