அக்கி ஏன் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது. மூன்று நாளாக இடது விலாவில் எரிகிறது, துணி உரசினாலே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலையில் பார்த்தால் அதே இடத்தில் கொத்துக்கொத்தாகக் கொப்புளம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, இது பாம்பு, தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்கிறார். அம்மாவோ ஊரில் செய்வதுபோல் காவி குழைத்து அக்கி எழுதினால் போதும் என்கிறார். என்ன செய்வது?"

இது அக்கிபோலத்தான் தெரிகிறது. இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கும். பாம்பு சுற்றுமா என்பதை மருந்தகத்துக்குப் போய்வந்த பிறகு பேசலாம்.

நெஞ்சிலோ முதுகிலோ வயிற்றிலோ தடிப்பு வந்தால், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். சிங்கப்பூர் வெக்கையில் அதிகம் வருவது வேர்க்குரு. வியர்வை நாளம் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் வருகிறது. துணி ஒட்டும் இடமெல்லாம் பொடிப்பொடியாக இருக்கும். குளிரான அறையில் உடம்பு காய்ந்தால் சில நாளில் தணியும். தேமல், மலசேசியா என்ற ஈஸ்ட்டின் வேலை. நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடுபோல் உதிரும். செலினியம் சல்ஃபைடு 2.5% ஷாம்பூவைத் தடவி, 10 நிமிடம் விட்டுக் கழுவவேண்டும். 7 நாள் தொடர்ந்து செய்யவேண்டும். ஈஸ்ட் போன பிறகும் தோலின் நிறம் திரும்ப மாதக்கணக்காகும். மருந்து கேட்கவில்லை என்று பலர் நினைப்பது இதனால்தான். படர்தாமரை வட்டமாக, ஓரம் தடித்து, நடு தெளிந்து இருக்கும். அதன்மேல் ஸ்டீராய்டு கிரீம் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். தொப்புளுக்குக் கீழே மட்டும் தடித்து அரித்தால் பெல்ட் கொக்கியிலோ ஜீன்ஸ் பொத்தானிலோ இருக்கும் நிக்கலைச் சந்தேகிக்கலாம். புது மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பெங்கும் சிவந்தால் அந்த மருந்தை. காய்ச்சல் தணியும் நேரத்தில் உடம்பு சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் டெங்கியை.

இவற்றில் எதற்கும் உடம்பின் நடுக்கோடு ஒரு தடையே இல்லை. அக்கிக்கு உண்டு. முதுகெலும்பை ஒட்டித் தொடங்கி, ஒரு பக்க விலாவைச் சுற்றி வந்து, முன்பக்கம் நேர் நடுவில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடும்.

சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸால் வருபவை. பெயர் வேரிசெல்லா ஸோஸ்டர். ஸோஸ்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கச்சை என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கண்ணிலும் இந்த வடிவம்தான் பட்டிருக்கிறது. சிறுவயதில் வந்த சின்னம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. அது போய் ஒளியும் இடம்தான் இந்தக் கதையின் உயிர்நாடி.

விரலை முதுகெலும்பின்மேல் மேலிருந்து கீழாக ஓட்டிப்பாருங்கள். முள்ளெலும்புகளின் இடையே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என நரம்புகள் புறப்படுகின்றன. மொத்தம் 31 ஜோடி. ஒவ்வொன்றிலும் தண்டுவடத்துக்குச் சற்று வெளியே ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. தொடுதல், வலி, சூடு, குளிர் ஆகியவற்றைத் தோலிலிருந்து கொண்டுவரும் நரம்புச் செல்கள் குடியிருப்பது அந்த முடிச்சுக்குள்தான். அந்தச் செல்லின் அமைப்பு அவ்வளவு அழகானது. அதிலிருந்து ஒரே ஓர் இழை கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தண்டுவடத்துக்குள் போகிறது. மற்றது விலாவைச் சுற்றிக்கொண்டு நெஞ்சுத் தோல்வரை போகிறது. செல்லின் உடல் வெறும் கண்ணுக்கே தெரியாது. அதன் இழையோ கிட்டத்தட்ட ஒரு முழம்.

சின்னம்மையின்போது தோலில் இருக்கும் வைரஸ் இந்த இழையைப் பிடித்து ஏறி முடிச்சை அடைகிறது. அங்கே செல்லின் உட்கருவுக்குள் ஏறக்குறைய 1,25,000 எழுத்து நீளமுள்ள தன் டிஎன்ஏவை மட்டும் வைத்துவிட்டு அடங்கிவிடுகிறது. அதன் ஜீன்கள் அநேகமாக எல்லாமே ஊமையாகிவிடும். 40, 50 ஆண்டுகள்கூட இப்படியே கழியும். டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அதைத் தலையெடுக்கவிடாமல் காவல் காக்கின்றன. முதுமை, புற்றுநோய் சிகிச்சை, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை என ஏதோ ஒன்றால் காவல் தளரும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு முடிச்சில் வைரஸ் விழிக்கிறது. ஏறிய இழை வழியாகவே இறங்குகிறது. முடிச்சு முதலில் வீங்குவதால்தான் கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே வலி வந்துவிடுகிறது. அப்போது நெஞ்சுவலியோ, பித்தப்பைக் கல்லோ, தசைப்பிடிப்போ என்று தோன்றும். கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பதும் அந்த நாட்களில்தான்.

ஒவ்வொரு நரம்புக்கும் தோலில் சொந்தமாக ஒரு பட்டை உண்டு. மார்புக்காம்பு மட்டத்தில் இருப்பது நான்காவது மார்பு நரம்பின் பட்டை. தொப்புள் மட்டத்தில் பத்தாவது. கருவில் உடம்பு அடுக்கடுக்கான துண்டுகளாக உருவானதன் தடம் அது. இந்த வரைபடத்தை மருத்துவ உலகுக்குத் தந்ததே அக்கிதான்: 1900இல் ஹென்றி ஹெட், கேம்ப்பெல் என்ற இரு மருத்துவர்கள் அக்கி நோயாளிகளின் தடிப்புகளையும், இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளையும் ஒப்பிட்டு வரைந்தார்கள். இடப்பக்க முடிச்சின் இழைகள் நடுக்கோட்டோடு, மிஞ்சினால் விரற்கடை தாண்டி, முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் வலப்பக்க முடிச்சின் எல்லை. வைரஸ் வந்த பாதையே அங்கே தீர்ந்துவிடுகிறது.

ஆகவே பாம்பு சுற்றிவரும் என்ற பயம் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் விழிப்பது மிக அரிது. அப்படி விழித்தாலும் தலையும் வாலும் சேர்வதால் உயிர் போவதில்லை. பயப்படவேண்டியது வேறு: பட்டைக்கு வெளியே உடம்பெங்கும் கொப்புளங்கள் சிதறினால் நோயெதிர்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து. அதற்கும் தாமதம் கூடாது.

வழக்கமாகக் கொடுப்பது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1,000 மில்லிகிராம், 3 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். அதனால் வீட்டில் மிஞ்சிய மாத்திரையை எடுத்துப் போடக்கூடாது. இந்த மருந்து சாதாரணச் செல்லில் சும்மா கிடக்கும். வைரஸின் சொந்த நொதி அதைத் தொட்டால்தான் விழிக்கும். விழித்ததும் வைரஸ் டிஎன்ஏ நகலெடுப்பதை அடைத்துவிடும். நகலெடுக்கும் வேலை பெரும்பாலும் முதல் சில நாட்களில் நடந்து முடிந்துவிடுவதால்தான் அந்த 72 மணி நேரக் கெடு. 1988இல் நோபெல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்குழுவுக்கு இந்த மருந்தில் பெரும்பங்கு உண்டு. நியூக்ளிக் அமிலம் எப்படிக் கட்டப்படுகிறது என்ற அடிப்படைக் கேள்வியில் தொடங்கிய பல ஆண்டு உழைப்பு அது. ஆய்வுக்கு நிதி ஒதுக்கும்போது உடனடிப் பயனை மட்டும் கேட்டால் இப்படிப்பட்ட மருந்துகள் பிறக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

காவி எழுதினால் எரிச்சல் தணிவது உண்மை. ஈர மண் காயும்போது தோல் குளிரும். மருந்தே இல்லாவிட்டாலும் கொப்புளம் 7 முதல் 10 நாளில் பொருக்குத் தட்டி, 2 முதல் 4 வாரத்தில் ஆறும். அந்தப் பெயர் காவிக்குப் போய்விட்டது. ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் பாக்டீரியா தொற்றும். அதைவிடப் பெரிய நட்டம், மருந்துக்குரிய மூன்று நாளும் கைநழுவுவது. நரம்பு அதிகமாகச் சேதமானால் தோல் ஆறிய பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் எரிச்சல் நீடிக்கும். வயது ஏற ஏற இந்த அபாயமும் ஏறும். மின்விசிறிக் காற்று பட்டாலே துடிக்கவைக்கும் வலி அது.

வீட்டில் செய்யவேண்டியது எளிது. சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, ஒற்றியெடுத்து, ஒட்டாத துணிக்கட்டால் மூடி, தளர்ந்த பருத்திச் சட்டை போடவேண்டும். கொப்புளத்தை உடைக்கக்கூடாது. அதன் நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை தொற்றலாம், அக்கி தொற்றாது. பொருக்குத் தட்டும்வரை கைக்குழந்தை, சின்னம்மை வராத கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோரிடமிருந்து விலகியிருக்கவேண்டும்.

ஒருமுறை அக்கி வந்தவருக்கு மறுபடி வரலாம். ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசி 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு முறை போடுவது. 2025 செப்டம்பரிலிருந்து இங்கே பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்திருக்கிறது. 60 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு மானியமும் உண்டு. ஈசூன் அம்மாவுக்கு இந்த அக்கி முழுக்க ஆறிய பிறகு பலதுறை மருந்தகத்தில் இதைக் கேளுங்கள். ஊசி போட்ட கை இரண்டு மூன்று நாள் வலிக்கும், உடம்பு அசதியாக இருக்கும். அதற்குப் பயந்து இரண்டாவது ஊசியை விட்டுவிடவேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.