செத்த மீன் சின்னமும் டாஃப்னியா சோதனையும்

பூச்சிமருந்து லேபிளில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் பட்டுப்போன மரமும் செத்த மீனும் இருந்தால், அது ஐ.நா. 2003-இல் வெளியிட்ட ஜி.எச்.எஸ். என்ற, ரசாயனங்களுக்கான உலகப் பொது லேபிள் முறையின் சின்னம். படம் மீன் என்றாலும், பல பூச்சிமருந்துகளுக்கு அந்தச் சின்னத்தை வாங்கித் தருவது டாஃப்னியா. இறால், நண்டு போல ஓட்டுடலி வகையைச் சேர்ந்த, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நன்னீர் உயிர் அது.

விதி இதுதான்: மீன், ஓட்டுடலி, பாசி மூன்றிலும் நடந்த சோதனைகளின் முடிவைப் பார்ப்பார்கள். எதில் பாதிப்பு அதிகமோ அதுவே கணக்கு. சோதனை உயிர்களில் பாதியைப் பாதிக்க லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ போதும் என்றால் முதல் வகை, 'நீர்வாழ் உயிரினங்களுக்கு மிகவும் நச்சு'. உடனடி நச்சில் சின்னம் முதல் வகைக்கு மட்டும்தான். 10 வரை இரண்டாம் வகை, 100 வரை மூன்றாம் வகை. அவற்றுக்குப் படம் கிடையாது.

டாஃப்னியா சோதனையில், பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளை ஒவ்வொரு செறிவிலும் குறைந்தது 20 விடுவார்கள். 48 மணி நேரம் கழித்து ஜாடியை மெல்ல அசைத்து 15 விநாடி பார்ப்பார்கள். நீந்தாதவை 'அசைவற்றவை'. பாதிக் குஞ்சுகளை அசைவற்றதாக்கும் செறிவுதான் ஈ.சி.50.

சரி, இரண்டு நாள் போதுமா? எல்லா மருந்துக்கும் போதாது. டைஃப்ளூபென்சுரான், பூச்சியின் மேலோட்டுக்கு வேண்டிய கைட்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கும் மருந்து. ஓட்டுடலிகளின் ஓடும் கைட்டினால் ஆனதுதான். அதனால் பாதிப்பு அடுத்து ஓடு கழற்றும்போதுதான் முழுதாகத் தெரியும். குஞ்சு பொரிப்பது குறைகிறதா என்று பார்க்க 21 நாள் சோதனை தனியாக இருக்கிறது.

இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தில் சிக்கல் வேறு. டாஃப்னியா அதை நன்றாகவே தாங்கும். 48 மணி நேர ஈ.சி.50 லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம். ஆனால் ஆஸ்ட்ரகாட் போன்ற வேறு சிறு ஓட்டுடலிகளும் நீர்ப்பூச்சிகளின் புழுக்களும் அதைவிடப் பல மடங்கு குறைந்த அளவிலேயே வீழ்ந்துவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிக்கொல்லிகளுக்கு டாஃப்னியாவோடு இன்னொரு நீர்வாழ் இனத்திலும் சோதனை கேட்பதற்கு இப்படிப்பட்ட மருந்துகளே நியாயம். எல்லா நாடுகளும் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

சில நாடுகளில் பூச்சிமருந்து லேபிளுக்குத் தனிச் சட்டம் உண்டு, அங்கே இந்தச் சின்னம் இருக்காது. அதனால் படம் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு, அதன் 12-ஆம் பகுதியைப் பாருங்கள். டாஃப்னியாவின் 48 மணி நேர ஈ.சி.50 பெரும்பாலும் அங்கே இருக்கும். அப்புறம் 21 நாள் சோதனை நடந்ததா, வேறு இனத்தில் பார்த்தார்களா என்றும் தேடுங்கள். இல்லையென்றால் தயாரித்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள்.